மணல்திட்டில் சத்தம் போடாதவர்கள்

பதுளையில் ஓட்டல் தொழில் வகுப்பு நடத்துகிறவர்கள் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "அக்கா, தீவு ஓட்டல்களுக்குப் போற பிள்ளைங்களுக்கு ஓய்வு நாள எப்படி நல்லபடியா கழிக்கிறதுன்னு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். தேநீர் குடித்துவிட்டு வாசல்வரை போனவர்கள் திரும்பி, "கொஞ்சம் சந்தோசமா எழுதுங்க அக்கா, பிள்ளைங்க பயந்துறக் கூடாது" என்றார்கள். அவர்கள் போன பிறகு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சந்தோசமாக வேண்டுமென்றால் ஓட்டல்காரர்களின் விளம்பரத்தை வாசித்துக்கொள்ளுங்கள், படமும் போட்டிருப்பார்கள்.

நான் பூனாகலைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரு லயத்தில் பிறந்தவள். மாலைதீவில், தலைநகரிலிருந்து வெகு தூரம் தள்ளியிருந்த ஒரு தீவு ஓட்டலுக்கு அறை துப்புரவு செய்யப் போனேன். கடைசியில் அந்தப் பிரிவுக்கே சுப்பவைசராக இருந்தேன். முழங்கால் இனி முடியாது என்று சொன்ன பிறகு ஓய்வுபெற்று வந்து பண்டாரவளையில் குடியிருக்கிறேன். கட்டில் விரிப்பது, குளியலறை கழுவுவது, குளியல் துவாயை அன்னம் மாதிரி மடித்து வைப்பது எல்லாம் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். அதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை.

உங்களில் ஒரு பிள்ளை போன வாரம் பண்டாரவளைச் சந்தையில் கரட் வாங்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து, "அக்கா, நீச்சல் உடுப்பு கொண்டு போகணுமா?" என்று கேட்டது. "கைக்குப் பூச நல்ல க்ரீம் கொண்டு போ, குளோரின் பட்டு தோல் உரியும்" என்றேன். பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. போனில் வைத்திருந்த படத்தைக் காட்டியது. நீலக் கடல், வெள்ளை மணல், இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய வலை ஊஞ்சல். அந்த மாதிரி ஊஞ்சலில் நான் ஒரு நாளும் படுத்ததில்லை. காலையில் அதன் மேல் விழுந்து கிடக்கும் இலையைத் தட்டியிருக்கிறேன்.

தீவைச் சுற்றிக் கடற்கரை. அந்தக் கடற்கரை முழுவதும் கெஸ்டுக்கு. நடுவில், மரங்களுக்குப் பின்னால், தென்னோலைத் தட்டி வைத்து மறைத்த இடத்தில் நாங்கள். ஒரு பக்கம் ஜெனரேட்டர், ஒரு பக்கம் துணி வெளுக்கிற லோன்ட்ரி. ஓஃப் நாளில் கடலைப் பார்க்க ஆசை வந்தால் குப்பைப் படகு வந்து கட்டுகிற இடத்துக்குப் போகலாம், அங்கே தடையில்லை. வேலை உடுப்பில்லாமல் கெஸ்ட் கண்ணில் படக்கூடாது என்பது விதி. அதனால் ஓஃப் நாளில் உடுப்புக் கழுவுவோம், ஊருக்குக் கோல் எடுப்போம், கரம் விளையாடுவோம், தூங்குவோம். கிராமத் தீவுக்குப் படகு போகும் நாளாக இருந்தால் போய், ஒரு கடையில் தேநீர் குடித்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஏதாவது சாமான் வாங்கிக்கொண்டு திரும்புவோம். வெளிநாட்டில் நாங்கள் பார்த்த உலகம் அவ்வளவுதான். சுற்றிலும் கடல் இருந்தும் மாதக்கணக்கில் அதில் கால் நனைக்காத ஆட்கள் எங்கள் குடியிருப்பில் இருந்தார்கள்.

இதற்கு ஈடுகட்டத்தான் ஸ்டாஃப் பிக்னிக் என்று ஒன்று வைத்தார்கள். எப்போதாவது ஒரு முறை, ஓஃப் கிடைத்தவர்களைச் சாமான் ஏற்றும் பெரிய தோணியில் ஏற்றி, தூரத்தில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிடுவார்கள். மரமில்லை, செடியில்லை, நடுக்கடலில் வெறும் வெள்ளை மணல். தோணி தன் வேலைக்குப் போய்விட்டுப் பின்னேரம் வந்து ஏற்றிக்கொள்ளும்.

நம் ஆட்கள் பிக்னிக் போவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துன்ஹிந்தை நீர்வீழ்ச்சிக்கு வாடகைக்கு வான் பிடித்துப் போகிற மாதிரியே கிளம்புவார்கள். ஆண்கள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்வார்கள். பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சுரிதார் உடுத்திக்கொள்வார்கள். ஒரு பேசின் நிறையச் சோறு, கோழிக்கறி, மாசிச் சம்பல், பெரிய பிளாஸ்க்கில் பால் போடாத சூடான பிளேன்டீ. தட்டிப் பாட ஒரு பிளாஸ்டிக் வாளி. கடலுக்குள் இறங்கச் சொன்னால் மட்டும் முழங்காலுக்கு மேல் யாரும் போக மாட்டார்கள். மலையில் பிறந்தவர்களுக்குக் கடலோடு என்ன பழக்கம்? அன்றைக்கும் அப்படித்தான் போனோம்.

பெரியசாமி அண்ணன்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். ஹாலி எல பக்கத்து ஆள், ஸ்டாஃப் சமையல்காரர், எங்களில் மூத்தவர். அவருடைய அப்பா கங்காணியாக இருந்தவர் என்று சொல்வார்கள். அது நடையிலேயே தெரியும். யார் எங்கே உட்கார வேண்டும், யார் சோறு போட வேண்டும் என்று அவர் சொன்னால்தான் நடக்கும். ஆனால் நல்ல மனுசன். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறவர் அவர்தான்.

ரவி லோன்ட்ரியில் வேலை செய்தான். நமுனுகுலைப் பக்கம். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். அந்தக் குழந்தையை அவன் போனில் மட்டும்தான் பார்த்திருந்தான். அன்றைக்கு அந்தக் குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்று காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கரையோரமாகத் தண்ணீரில் நடந்து போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். "பாத்தியா, அப்பா கடல்ல நடக்குறேன்" என்று பேசிக்கொண்டே போனது என் காதில் விழுந்தது.

சாப்பிட்ட பிறகு நான் தனியாக நடக்கப் போனேன். அந்த மணல்திட்டு வால் மாதிரி நீண்டு கிடந்தது. வாரம் முழுவதும் "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவதைக் கேட்கிற எனக்கு, ஒருத்தரும் கூப்பிடாத இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் போலிருந்தது. வால் முனையில் போய் உட்கார்ந்தேன். காற்று என் பக்கமிருந்து அவர்கள் பக்கம் வீசியது, அதனால் அங்கே நடந்தது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. வெள்ளை நிறத்தில் ஒரு ஸ்பீட்போட் திட்டைப் பார்த்து வருவது தெரிந்தது. கெஸ்டுக்குக் கடல் காட்டப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் நாங்கள் பாய் விரித்த இடத்தில் எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. அந்த இடத்தில் ஒரு குடை, குடையின் கீழ் வெள்ளைத் துணி போட்ட மேசை, அதன் முன்னால் வயதான வெள்ளைக்காரத் தம்பதி. கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாருமில்லாத தீவில் தனியாகச் சாப்பாடு என்று ஓட்டலில் ஒரு ஏற்பாடு இருந்தது, அதற்கு நல்ல விலை. அதே நாளில், அதே திட்டில், எங்களையும் இறக்கிவிட்டு அதையும் விற்றிருக்கிறார்கள். இதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது. அது ஒன்றுமேயில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஆட்கள் திட்டின் மறுகோடியில் இருந்தார்கள். பாய், பேசின், வாளி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய், சரிவுக்குக் கீழே, தண்ணீர் விளிம்பில் குந்தியிருந்தார்கள். வட்டமாக, நெருக்கமாக, முதுகை வெளியே காட்டிக்கொண்டு. நடுவில் எதையோ மறைக்கிற மாதிரி இருந்தது. சரிதான், வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கிட்டப் போனேன்.

வட்டத்துக்கு நடுவில் ரவி கிடந்தான். வாயில் ஒரு துவாயைச் சுருட்டித் திணித்து, ஒருவன் அதைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தான். இரண்டு பேர் தோளைப் பிடித்திருந்தார்கள். வலது கால் முழங்கால்வரை வீங்கி, பாதம் நீலமாகியிருந்தது.

"என்னடா இது?" என்று கத்தினேன்.

"ஷ்ஷ்! மெதுவா பேசு, கெஸ்ட் இருக்காங்க" என்றார் பெரியசாமி அண்ணன்.

நடந்தது இதுதான். ஸ்பீட்போட் கரைக்கு வருகிற நேரத்தில்தான் ரவி தண்ணீரில் எதையோ மிதித்திருக்கிறான். கல்லைப் போலவே அசையாமல் கிடக்கும் ஒரு மீன் அந்தக் கடலில் உண்டு, அதன் முதுகு முள்ளில் விஷம். மிதித்தவன் உயிர் போகிற மாதிரி அலறுவான். அவனும் அலறியிருக்கிறான், எஞ்சின் சத்தத்தில் போட்டில் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. தூக்கிக் கரையில் போட்டிருக்கிறார்கள். அதே நேரம் போட்டை ஓட்டி வந்தவன் இறங்கி வந்து, கெஸ்ட் வந்துவிட்டார்கள், ஆட்களைக் கொஞ்சம் அந்தப் பக்கம் போகச் சொல்லுங்கள் என்றிருக்கிறான். பெரியசாமி அண்ணன் டியூட்டி மெனேஜருக்குக் கோல் எடுத்திருக்கிறார்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பயலுக்கு கால்ல சின்னதா ஒரு காயம் சேர், நோ ப்ரொப்ளம் சேர், நாங்க பாத்துக்குறோம்னு சொன்னேன்."

"சின்னக் காயமா இது?"

"எடுத்த எடுப்பிலயே பெருசா சொன்னா டென்சனாயிருவாரு ஸ்டெல்லா. கெஸ்ட டிஸ்டர்ப் பண்ணாம ஓரமா இருங்க, நம்ம தோணி வந்து ஏத்திக்கும்னாரு. அதான் தூக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டோம்."

"அப்ப இந்தத் துவாய்?"

 துவாயைப் பிடித்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: "சத்தம் போட்டான் அக்கா. கெஸ்ட் சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க. இப்ப பரவால்ல. கொஞ்ச நேரமா சத்தம் போடல."

சத்தம் போடவில்லையாம். நான் அந்தத் துவாயைப் பிடுங்கி எறிந்தேன். ரவி வாயைத் திறந்தபடியே கிடந்தான், சத்தம் வரவில்லை. உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சை எங்கிருந்தோ இழுத்து இழுத்து எடுத்துக்கொண்டிருந்தான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், ஆனால் பார்வை என்மேல் நிற்கவில்லை.

பிள்ளைகளே, நீங்களும் லயத்தில் பிறந்தவர்கள், இல்லாவிட்டால் லயத்தில் பிறந்தவர்களுக்குப் பிறந்தவர்கள். உங்களுக்கு இது விளங்கும். தோட்டத்துத் தொரையின் ஜீப் வருகிற சத்தம் கேட்டால் நம் பெரியவர்கள் ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்தில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் நிற்பார்கள். தலையில் கொழுந்துக் கூடை இருந்தாலும் இறங்குவார்கள், வயிற்றில் பிள்ளை இருந்தாலும் இறங்குவார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பெயர் கூப்பிடும்போது காய்ச்சலை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். தொரை "எப்படி?" என்று கேட்டால் கூரை ஒழுகினாலும் "நல்லா இருக்குங்க" என்பார்கள். சின்னப் பிள்ளையாக நானும் கானுக்குள் நின்றிருக்கிறேன். அந்தக் கானைத் தாண்டி, கடலைத் தாண்டி, இன்னொரு நாட்டுக்கு வந்து, கானே இல்லாத மணல்திட்டில் நம் ஆட்கள் தாங்களாகவே ஒரு கானைக் கண்டுபிடித்து அதற்குள் இறங்கியிருந்தார்கள். போட்காரன் கொஞ்சம் நகரச் சொன்னான், அவ்வளவுதான். துவாயைத் திணிக்கச் சொன்னது யார்? ஒருவருமில்லை. அந்த யோசனை நம்முடையது.

"தூக்குங்க" என்றேன்.

"எங்க?"

"அந்த போட்டுக்கு."

"அது கெஸ்ட் போட், ஸ்டெல்லா." பெரியசாமி அண்ணன் எனக்கு முன்னால் வந்து நின்றார். "ஸ்டாஃப் ஏறக் கூடாது. வேலை போயிரும். உனக்கு மட்டுமில்ல, இங்க இருக்குற எல்லாருக்கும் போயிரும். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்க. கொஞ்சம் யோசி. இன்னுங் கொஞ்ச நேரத்துல நம்ம தோணி வந்துரும்."

"எப்ப வரும்?"

"வந்துரும்."

"அண்ணே, எப்ப வரும்?"

அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கடலில் தோணி கண்ணுக்கு எட்டின தூரத்தில் இல்லை.

வேலை போய்விடும் என்று அவர் சொன்னது பொய்யில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். அங்கே நின்ற ஒவ்வொருத்தர் பின்னாலும் ஒரு வீடு, பாதி கட்டிய சுவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தது. என் பின்னாலும் இருந்தது. நெருக்கடி நேரத்தில் எல்லோரும் பயத்தைத்தான் பேசுவார்கள், அந்தப் பயத்துக்கு நியாயமும் இருக்கும். இருந்தாலும் தரையில் கிடக்கிறவனுடைய மூச்சைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். எனக்கு அன்றைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மற்றபடி எனக்கு மருத்துவமும் தெரியாது, கடலும் தெரியாது.

அவரைத் தள்ளிவிட்டு நடந்தேன். குடையை நோக்கி நேராகப் போனேன். மேசைக்கு முன்னால் போய் நின்றபோது அந்த அம்மா முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். அறையில் பேசுகிற பணிவான ஆங்கிலமெல்லாம் எனக்கு அந்த நேரம் மறந்துவிட்டது. "ஆள் சாகிறான். உங்கள் போட் வேண்டும்" என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த மனிதர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் விழுந்தது. "எங்கே?" என்று கேட்டுக்கொண்டே மணலில் ஓடினார். அந்த வயதில், வெறும் காலோடு. அந்த அம்மா முள்கரண்டியைக் கூடக் கீழே வைக்காமல் அவருக்குப் பின்னால் ஓடினார். எங்கள் ஆட்கள் அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். ஒருவன் சட்டையைச் சரிசெய்தான். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல வார்த்தையில்லை.

"எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறான்?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்.  நீங்கள் மீனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்த நேரமெல்லாம் இப்படித்தான் இருந்தான், உங்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வாயை அடைத்து வைத்திருந்தோம் என்று எந்த மொழியில் சொல்வது?

போட்காரன் மாலைதீவு இளைஞன். அவனும் முதலில் தயங்கினான். தனக்கும் வேலை போய்விடும் என்று, எங்கள் ஆட்களோடு பழகிக் கற்ற சிங்களமும் ஆங்கிலமும் கலந்து சொன்னான். அந்த வெள்ளைக்காரர் அவனைப் பார்த்து ஏதோ கத்தினார். அதற்குப் பிறகு அவன் தயங்கவில்லை. ரவியின் பாதத்தைப் பார்த்ததும், சுடுதண்ணீரில் வைக்க வேண்டும், பொறுக்கிற சூட்டில் வைக்க வேண்டும் என்று கையைக் காட்டிச் சொன்னான். சுடுதண்ணீருக்கு எங்கே போவது? பெரியசாமி அண்ணன்தான் ஓடிப்போய்ப் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். சோற்றுப் பேசினைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, அதில் பிளேன்டீயை ஊற்றி, தன் கையை விட்டுச் சூடு பார்த்து, ரவியின் காலை அதற்குள் வைத்தார்.  அழுதுகொண்டே இருந்தார். அப்படியே பேசினோடு ரவியைத் தூக்கி போட்டில் ஏற்றினோம்.

போட்டில் வெள்ளை மெத்தை போட்ட ஆசனம். அதில் ரவியைப் படுக்கவைத்தோம். அதுவரை துவண்டு கிடந்தவன், மெத்தை முதுகில் பட்டதும் கண்ணைத் திறந்து, கீழே தரைக்குச் சரிந்து இறங்கப் பார்த்தான். தேநீர் வடிகிற காலை மெத்தையில் படாமல் தூக்கினான். செத்துக்கொண்டிருக்கிற மனிதன். நான் அவன் காலைப் பிடித்து அமுக்கி, "வைடா!" என்று கத்தினேன். அந்த அம்மா தன் தொப்பியைக் கழற்றி அவன் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டே வந்தார். மேசையும் மீனும் குடையும் மணல்திட்டில் அப்படியே கிடந்தன.

ஓட்டலில் கெஸ்டுக்கு ஒரு டொக்டர் இருந்தார். ஊசி போட்டார், மூச்சுக்குக் குழாய் வைத்தார், உடனே தலைநகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரவி பிழைத்தான். காலில் கொஞ்சம் சதையை வெட்டி எடுத்தார்கள். எங்கள் தோணியோ, பொழுது சாய்கிற நேரத்தில்தான் மற்றவர்களை ஏற்றப் போனது.

மறுநாள் டியூட்டி மெனேஜர் என்னைக் கூப்பிட்டார். ரவி எப்படி இருக்கிறான் என்று முதலில் கேட்டார், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு, "கெஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் அவர்கள் மேசைக்குப் போனது சரியில்லை. எனக்குக் கோல் எடுத்திருக்க வேண்டும்" என்றார்.

"கெஸ்ட் முறைப்பாடு செய்தார்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. அது வேறு விசயம். எனக்குச் சின்னக் காயம் என்றுதான் சொன்னார்கள். நோ ப்ரொப்ளம் என்று சொன்னார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் நானே போட்டை அனுப்பியிருப்பேனே?"

அனுப்பியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அனுப்பியிருப்பார் என்றே வைத்துக்கொண்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. நம் வாயாலேயே அவருக்குத் தப்பிக்க வழி செய்து கொடுத்திருந்தோம். அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். மேலே இருக்கிறவரிடம் எதையும் குறைத்துச் சொல்லாதீர்கள். தீ பிடித்தால் தீ என்று சொல்லுங்கள், புகை என்று சொல்லாதீர்கள். அவருக்கு டென்சன் வந்தால் வரட்டும், அதற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம். எனக்கு எச்சரிக்கை கொடுத்து, இனி இப்படி நடந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். ஸ்டாஃப் பிக்னிக்கையும் நிறுத்தினார்கள். குடியிருப்பில் சில பேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இருந்த ஒரு சந்தோசமும் ஸ்டெல்லாவால் போச்சு என்று என் காதுபடவே சொன்னார்கள். பெரியசாமி அண்ணன் மட்டும் எனக்குச் சோறு போடும்போது கறியைக் கொஞ்சம் கூடுதலாக வைப்பார்.

அடுத்த ஓஃப் நாளில் ரவியைப் பார்க்கத் தலைநகரத்துக்குப் போனேன். கடல் மோசமாக இருந்தது, போகிற வழியெல்லாம் வாந்தி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலை உயர்த்தி வைத்துக் கட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். உட்காருடா என்று அதட்டினேன்.

"அக்கா, ஒங்களுக்குத்தான் ரொம்ப கஷ்டம் குடுத்துட்டேன்" என்றான். "ஆனா நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம். நேத்து மெனேஜர் கோல் எடுத்தாரு. நான் நல்லபடியா பேசி, மன்னிப்புக் கேட்டுட்டேன்."

"எதுக்கு மன்னிப்பு?"

"கெஸ்ட்டோட சாப்பாட்டக் கெடுத்ததுக்கு. ஒங்களுக்கும் சேத்துக் கேட்டுட்டேன் அக்கா."

எனக்கு ஏதோ பெரிய உதவி செய்துவிட்ட மாதிரி சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் கத்தியிருக்கிறேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த அவனுடைய போனை எடுத்து அவன் கையில் திணித்தது ஞாபகம் இருக்கிறது.

"எடு கோல. எனக்காகக் கேட்ட மன்னிப்பத் திருப்பி வாங்கு."

"அக்கா…"

"இப்பவே வாங்கு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் விடமாட்டேன் என்று தெரிந்தது. கோல் எடுத்தான். மறுமுனையில் மெனேஜரின் குரல் கேட்டதும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கையில் ஊசிக்குழாய் ஆடியது.

"சேர், குட் மோர்னிங் சேர். ரவி, லோன்ட்ரி. சேர், ஸ்டெல்லா அக்கா நோ சொரி, சேர்."

மெனேஜர் என்னவோ கேட்டார். ரவி என்னைப் பார்த்தான். நான் பார்வையை எடுக்கவில்லை. அவன் கட்டுப் போட்ட காலை ஒரு தரம் பார்த்தான்.

"மீ ஆல்சோ, சேர்" என்றான். "மீ ஆல்சோ நோ சொரி."